தோள் காட்டும் திசை

கோல்ப் ஆட்டம் துரைமாருக்கு உரியது என்று எங்கள் வண்டிப்பெரியாற்றுத் தோட்ட லயங்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். மலைகளில் குடியேறிய ஆங்கிலேயர் இவ்வாட்டத்தையும் உடன் கொண்டுவந்தனர் என்பது மெய்யே. கொடைக்கானல் கோல்ப் சங்கம் 1895-இல் தோன்றியது. ஆயினும், பெங்களூரில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து ஆட்டம் பழகிய சி. முனியப்பா 2009-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார்.

என் சித்தப்பா மகனும் ஒரு மலையூர் மைதானத்தில் பை சுமப்பவன். ஆட்டக்காரனாக வேண்டும் என்ற ஆசையுடையவன். பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணமில்லை. "அண்ணே, நேராத்தான் அடிக்கிறேன்; பந்து வலப்பக்கமா வளைஞ்சு காட்டுக்குள்ள போகுதே, ஏன்?" என்று கேட்டான். பௌதிக மாணவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்ன விடையை நம் மன்ற நண்பர்களுக்கும் சொல்கிறேன். எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை.

இவ்வளைவுக்கு ஸ்லைஸ் என்று பெயர். சுழலும் பந்து வளைவதை 1672-லேயே நியூட்டன் குறிப்பிட்டார். எடின்பரோ பேராசிரியர் டெய்ட் 1890-களில் கோல்ப் பந்தின் சுழற்சியை ஆராய்ந்தார். பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு. அதற்குள் பந்து பின்னோக்கிச் சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தூக்குகிறது. சுழலும் அச்சு வலப்புறம் சாய்ந்துவிட்டால் அந்தத் தூக்குவிசையும் வலப்புறம் சாயும். பந்து வளைந்து போகும்.

அச்சு ஏன் சாய்கிறது? பந்து பெரும்பாலும் மட்டையின் முகம் நோக்கும் திசையில் புறப்படும். முகத்திற்கும் மட்டை வீசப்படும் பாதைக்கும் இடையிலுள்ள கோணமே அச்சைச் சாய்ப்பது. பாதை இடப்புறம் குறுக்கே ஓட, முகம் அதற்கு வலப்புறம் திறந்திருந்தால் ஸ்லைஸ் விளையும்.

அந்தப் பாதையைப் பெரிதும் வகுப்பது தோள். தோட்டத்தில் கவாத்து வெட்டுபவரைக் கவனித்தவர்க்கு இது எளிதில் விளங்கும். சரிவில் காலையும் தோளையும் செடிக்கு ஏற்ப நிறுத்திக்கொண்ட பின்னரே அவர் கத்தியை ஓங்குவார். கோல்ப் ஆட்டக்காரரோ கால்களை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டு நிறைவடைகிறார். மட்டையைப் பிடிக்கையில் வலக்கை இடக்கைக்குக் கீழே இருக்கிறது. அதை எட்டிப் பிடிக்க வலத்தோள் முன்னே வந்துவிடுகிறது. தோள்கோடு இடப்புறம் திரும்புகிறது. மட்டையும் அவ்வழியே ஓடுகிறது.

இங்கேதான் பலரும் தவறான வைத்தியம் செய்கின்றனர். பந்து வலப்புறம் போகிறதே என்று இன்னும் இடப்புறம் திரும்பி நிற்கின்றனர். தோள் மேலும் திறக்கிறது. பாதை மேலும் குறுக்காகிறது. கைகளோ முகத்தைக் கொடியை நோக்கியே வைத்திருக்கின்றன. கோணம் பெருகுகிறது, வளைவும் பெருகுகிறது. என் தம்பி மாதக்கணக்கில் செய்துவந்ததும் இதுவே.

சரியான வைத்தியத்திற்கு இரண்டு கழிகளும் ஒரு நண்பனும் போதும். முதற்கழியைப் பந்தருகே குறியை நோக்கிக் கிடத்துக. அதற்கு இணையாகக் காலடியில் மற்றொன்று. எங்கள் இடுக்கி மாவட்டத்தில் ரயில் இல்லை. மலையிறங்கித் தேனிக்குப் போனால் தண்டவாளம் காணலாம். பந்தின் கோடு ஒரு தண்டவாளம், உடலின் கோடு மற்றொன்று. தோள் கொடியைச் சுட்ட வேண்டியதில்லை. கொடிக்குச் செல்லும் கோட்டிற்கு இணையாக இருந்தால் போதும்.

பிறகு மட்டையைத் தோள்களின் குறுக்கே பிடித்துப் பின்னால் நிற்கும் நண்பனைப் பார்க்கச் சொல்க. அது இடப்புறம் காட்டினால் வல முழங்கையைச் சற்றே மடக்கி விலாவுடன் சேர்க்க. வலத்தோள் முன்னே வராமல் கீழே இறங்கும். பந்து இடக்காலுக்கு மிக முன்னே இருந்தாலும் தோள் திறக்கும். அதைச் சிறிது பின்னே வைக்க. முதலில் பாதி வீச்சில், மெதுவாகப் பழகுக.

இதைச் சமதரையில் சோதிக்க வேண்டும். சரிவில் பந்து காலடிக்குக் கீழே கிடந்தால், தோள் ஒழுங்காக இருந்தாலும் அது வலப்புறம் போக முனையும்.

தோளைத் திருத்தியதும் பந்து வலப்புறம் புறப்பட்டு இன்னும் சற்றே வலப்புறம் வளையலாம். மனம் தளர வேண்டா. அது நல்ல அறிகுறி. பாதை சீராகிவிட்டது, மட்டையின் முகம் மட்டுமே இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து கைப்பிடியில் உள்ளது: இரு கைகளையும் பிடியின்மேல் சற்றே வலப்புறம் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

தம்பி இப்போது விடியுமுன் மைதானத்தின் ஓரத்தில் இரு மூங்கில் கழிகளுடன் பழகுகிறான். பந்து காட்டுக்குள் போவது குறைந்திருக்கிறது. தொலைந்த பந்துக்கு விலை கொடுக்க வேண்டியவனுக்கு அதுவே முதல் வெற்றி.