முதல் பிரதி கெட்டால் அடுத்தது இருக்கிறது

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வரும் பிள்ளையிடம் வெள்ளைத்தாளை நீட்டினால் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு வீடும் தென்னைமரமும். கோடு கொஞ்சம் கோணினாலும் கை ரப்பரைத் தேடும். ‘மிஸ், கெட்டுப் போச்சு, வேற பேப்பர் குடுங்க’ என்பார்கள். ஆறேழு வயதிலேயே தாளைக் கண்டு இப்படிப் பயப்படுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். அதனால்தான் என் வகுப்பில் தூரிகைக்கு முன்னால் அச்சு. ஒன்று கெட்டால் மறுபடி மை தடவி இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த பிள்ளை எதையும் துணிந்து செய்கிறது.

அச்சு என்றதும் பெற்றோர் இயந்திரம், செலவு என்று யோசிக்கிறார்கள். நம் ஊரில் கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை வைக்கும் கண்ணன் பாதம் அச்சுத்தானே? பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, மூடிய கைமுட்டியின் சுண்டுவிரல் பக்கத்தை அந்த மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் பாதம் வந்துவிடும். என் முதல் வகுப்பு அதுதான். மாவு நீர்த்திருந்தால் பாதம் பரவிப் போகும். கெட்டியாக இருந்தால் திப்பி திப்பியாக ஒட்டும். இடக்கையும் வலக்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகப் பதியும். மையின் பதம், அழுத்தம், இடவல மாற்றம் மூன்றையும் வாயால் விளக்கினால் ஒரு மணி நேரம் ஆகும். கைமுட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து இலை. பறித்தவுடன் கொடுக்காதீர்கள். முதல் நாளே பழைய செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றினால் இலை வாடித் தட்டையாகும். பூவரசு, அரசு, ஆமணக்கு மூன்றும் நன்றாகப் பதியும். வேப்பிலை சின்னக் கைகளுக்குக் கஷ்டம். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில், வண்ணம் தடவ வேண்டியதும் அங்கேதான். தூரிகையால் தடவினால் நரம்புகளுக்கு இடையே வண்ணம் தேங்கிவிடும். சின்ன ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றித் தடவ வேண்டும். பிறகு இலையின்மேல் தாளைப் போட்டு, குழிக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். மரக்கட்டை அச்சுக்கு ஜப்பானியர் மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தட்டு ஒன்றை வைத்துத் தேய்ப்பார்கள். நமக்குச் சமையலறைக் கரண்டி போதும்.

காய்களில் வெண்டைக்காய்தான் பிள்ளைகளின் செல்லம், வெட்டிய முகம் நட்சத்திரமாக இருப்பதால். உணவை வீணாக்குவதாகச் சில வீடுகளில் வருத்தப்படுவார்கள், அந்த வருத்தம் நியாயமானது. ஆகவே சமையலுக்கு ஆகாத முற்றல் வெண்டை, வெங்காயத்தின் அடிப்பாகம், வாழைத்தண்டின் வெளிமட்டை இவற்றைத்தான் கொண்டுவரச் சொல்வேன். வெட்டிய முகத்தைச் செய்தித்தாளில் கவிழ்த்து ஈரத்தை வாங்கிவிட்டு வண்ணத்தில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் காயின் தண்ணீரே அச்சைக் கலைத்துவிடும். தேய்ந்த ஹவாய் செருப்பின் ரப்பரும் அருமையான அச்சுக்கட்டை. கழுவிக் காயவைத்து, பெரியவர்கள் வெட்டிக் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

நான் அதிக நேரம் ஒதுக்குவது தெர்மோகோல் தட்டு அச்சுக்கு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் தட்டில் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாகும். பள்ளத்தில் மை ஏறாது. தாளில் அந்தக் கோடு வெள்ளையாக நிற்கும். ‘நான் வரைஞ்சதுதான் காணோம் மிஸ், மத்ததெல்லாம் வந்திருக்கு!’ என்று ஒரு சிறுமி கத்தினாள். அவள் பிடித்துக்கொண்டது புடைப்பு அச்சின் முழு இலக்கணம். அந்த நேரத்தில் ஓவியர் நந்தலால் போஸ் 1930-ல் தண்டி யாத்திரையை வைத்துச் செய்த லினோகட்டை, அதாவது லினோலியத்தில் செதுக்கி எடுத்த அச்சை, காட்டுவேன். சுற்றிலும் கறுப்பு, நடுவே வெள்ளைக் கோடுகளில் கோலூன்றி நடக்கும் காந்தி. எது செதுக்கியது, எது விட்டுவைத்தது என்று பிள்ளைகள் விரல் வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

பெயரை அச்சடிக்க எல்லோருக்கும் ஆசை. ‘ப’ எப்படிப் பதிந்தாலும் ‘ப’ போலவே இருக்கும், ‘ட’ மாட்டிக்கொள்ளும். மெல்லிய தாளில் பெயரை எழுதி, அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, தெரிகிறபடி தட்டில் வரையச் சொல்வேன். ஒரே தட்டில் இரண்டு வண்ணமும் எடுக்கலாம். முதலில் மஞ்சளில் நாலைந்து பிரதி எடுத்துக் காயவிட்டு, அதே தட்டில் இன்னும் சில கோடுகளை அழுத்தி, சிவப்பைத் தடவி அவற்றின்மேலேயே பதிக்க வேண்டும். அட்டையில் ‘ட’ வடிவில் ஒரு மூலையை ஒட்டி, தட்டையும் தாளையும் ஒவ்வொரு முறையும் அதில் முட்டவைத்தால் படம் விலகாது.

லினோவும் உளியும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். எங்கள் மொட்டைமாடி வெயிலில் லினோவைச் சற்று நேரம் வைத்தால் வெண்ணெய் போல இளகும். இறுகிய லினோவில்தான் உளி வழுக்கிக் கையைக் கிழிக்கும். பலகையின் முன்விளிம்பில் கீழ்ப்பக்கமும் பின்விளிம்பில் மேல்பக்கமும் ஒவ்வொரு சட்டம் அடித்து, கீழ்ச்சட்டத்தை மேசை விளிம்பில் மாட்டி, மேல்சட்டத்தில் லினோவை முட்டக் கொடுக்க வேண்டும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால். இந்த ஒரு விதியில் மட்டும் நான் கண்டிப்பானவள்.

புதுச்சேரியின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரையில் போஸ்டர் வண்ணம் தாள் வந்து சேர்வதற்குள் தட்டிலேயே காய்ந்துவிடும். நீர்க்கக் காய்ச்சிய மைதாக் கஞ்சி ஒரு கரண்டி கலந்தால் தாங்கும், மையும் வழவழப்பாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவுமே காயாது. ஈர வண்ணத்தில் கல் உப்பைத் தூவிப் பூப்பூவாக விரியவைக்கும் வித்தையை அப்போது செய்தால் ஏமாற்றம்தான். அது தை, மாசிக்கு. மழைக்காலத்துக்கு மெழுகு வேலை. மெழுகுவத்தித் துண்டால் தாளில் கோலம் போட்டு, மேலே நீலத்தை நீர்க்கக் கரைத்துப் பூசினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாக எழும். தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காக நெய்த கொடாலிக் கருப்பூர்ச் சேலைகளிலும் மெழுகு தடுத்த இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் நுட்பம்.

நீலத்தை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே அவுரிச் சாயம் ஏற்றிய ‘கினே’ என்ற நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பலரின் தாத்தாக்கள் 1898-ல் தொடங்கிய ரோடியர் மில்லில், பின்னாளைய ஏ.எஃப்.டி.யில் (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்), வேலை பார்த்தவர்கள். 2020-ல் அது மூடப்பட்ட பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மில் என்பது கடலூர் சாலையில் ஒரு மதில்சுவர் மட்டும்தான். துணியும் சாயமும் தங்கள் ஊரின் தொழில் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நல்ல அச்சுக்கு ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத்தை வாங்குவதும் அதனால்தான். 1959-ல் தொடங்கிய அந்தத் தொழிற்கூடத்தில் பருத்தித் துணிக்கழிவைக் கூழாக்கித் தாள் செய்கிறார்கள். மையை அது உறிஞ்சும் விதமே தனி. பழகுவதற்குச் சாதாரண சார்ட் தாள் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மங்கலாக வந்த பிரதியைக் குப்பையில் போடாதீர்கள். முதல் பிரதி எடுத்ததும் மை தடவாமல் அதே தட்டில் இன்னொரு தாளை வைத்துத் தேய்த்தால் ஆவி போல ஒரு சாயல் வரும். பிரெஞ்சு ஓவியர் தெகா இப்படி எடுத்த இரண்டாம் பிரதிகளின்மேல் பேஸ்டலால் தீட்டித்தான் தன் படங்கள் பலவற்றைச் செய்தார். என் வகுப்பில் தூரிகை கைக்கு வருவது இங்கேதான். தாள் இப்போது வெறுமையாக இல்லை, பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. ஆமணக்கு இலையின் மங்கல் பிரதியைக் கடலில் வலை வீசும் கையாக மாற்றினான் ஒரு பையன். மலையும் சூரியனும் அவன் நினைவுக்கே வரவில்லை.

அச்சு எடுத்து முடிந்ததும் பென்சிலால் இடது கீழ்மூலையில் 1/5, 2/5 என்று எண்ணும் வலது மூலையில் கையெழுத்தும் போடச் சொல்வேன். ஒன்று தனக்கு, மீதி தோழர்களுக்கு. ஒவ்வொருவரும் நாலைந்து பேருடைய அச்சுகளோடு வீடு போவார்கள். பெற்றோர் ஆசையாக லேமினேஷன் செய்துவிடுவார்கள். அந்தச் சூட்டில் மெழுகும் கிரேயானும் உருகி வழியும். அதற்குப் பதிலாக இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவே வைத்து அட்டைக் கோப்பில் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைத்தால் போதும்.