பெருங்கணிப்பொறியின் வாசலில்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் இந்நாளிலும் எங்கள் தெருவில் சலான் எழுதும் வேலை ஓயவில்லை. என் தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. கையெழுத்து மட்டும் போடுவார். ஆறாம் வகுப்பில் படித்தபோது அவருக்காக முதன்முதலில் வங்கியில் ஒரு சலான் நிரப்பினேன். அன்று முதல் தெருவில் உள்ளவர்க்கெல்லாம் நானே எழுத்தர். அச்சடித்த இடத்தில் எழுதக் கூடாது. கட்டத்துக்குள் மட்டுமே எழுத வேண்டும். எழுதி முடித்துச் சாளரத்தில் நீட்டிவிட்டால், உள்ளேயிருந்து பதில் வரும்வரை ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது. இந்த மூன்று விதிகளையும் அன்றே கற்றேன். பெருங்கணிப்பொறி முனையத்தின் தத்துவமும் இதுவேதான் என்பது எனக்குச் சென்ற ஆண்டுதான் தெரிந்தது.

அதற்குக் காரணமாயிருந்தவர் நம் கல்லூரியில் படித்து முடித்த ஓர் அண்ணன். சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் அவரிடம், "மெயின்ஃப்ரேம் பச்சைத் திரையைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டார்களாம். "இல்லை" என்றாராம். அத்துடன் பேச்சு முடிந்தது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பல பெரிய கணக்குகள் இன்றும் அவ்வகைக் கணிப்பொறிகளில் ஓடுகின்றன. அவற்றைப் பேணும் வேலை சென்னையில் நிறைய நடக்கிறது. பார்த்துவிட வேண்டியதுதான் என்று விசாரித்தேன். ஒரு பயிற்சி நிலையத்தில் கேட்ட கட்டணம் என் தந்தையின் மூன்று மாதக் கூலி. வெளியே வந்து பேருந்து ஏறினேன். செலவில்லாமல் அந்தத் திரையைப் பார்க்க வழியுண்டு என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். என்னைப் போன்ற நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முனையம் என்பது திரையும் விசைப்பலகையும் கொண்ட ஒரு வாசல். கணக்கிடும் மூளை அதற்கில்லை. அது வேறோர் அறையில், சில வேளை வேறோர் ஊரில் இருக்கும். ஐ.பி.எம். நிறுவனம் 3270 என்னும் முனைய வரிசையை 1971இல் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் துளை அட்டைகளே வழக்கம். நம் மாநிலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணிப்பொறிக்கும் மாணவர்கள் அட்டைக் கட்டுகளைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஓர் அட்டையில் 80 நிரல்கள். 3270 திரையிலும் ஒரு வரிக்கு 80 எழுத்துகள். அட்டை மறைந்த பின்னும் அதன் அகலம் மட்டும் திரையில் தங்கிவிட்டது.

முனையங்களில் இரு சாதிகள் உண்டு. டெக் நிறுவனத்தின் வி.டி. வகை முனையத்தில் ஒரு விசையைத் தட்டினால் அந்த ஓரெழுத்து உடனே கணிப்பொறிக்குப் போகும். அது எதிரொலித்த பின்னரே திரையில் தோன்றும். 1985இல் டில்லியில் தொடங்கிய இரயில்வே முன்பதிவு முறை டெக்கின் வேக்ஸ் கணிப்பொறிகளில் வளர்ந்தது. திண்டுக்கல் சந்திப்பில் முன்பதிவுச் சாளரத்தின் உள்ளே எட்டிப் பார்த்து, எழுத்து மட்டுமே ஓடும் திரையைச் சிறு வயதில் கண்டு வியந்திருக்கிறேன். 3270 அப்படியன்று. கணிப்பொறி ஒரு முழுத் திரையைச் சலான் போல அச்சடித்து அனுப்பிவிடும். அதில் சில பகுதிகள் காக்கப்பட்டவை. அங்கே எழுத முடியாது. சில பகுதிகள் திறந்தவை. நாம் நிரப்ப வேண்டியவை. நாம் எவ்வளவு தட்டினாலும், திருத்தினாலும், அழித்தாலும் கணிப்பொறிக்கு ஒன்றும் தெரியாது. 'என்டர்' விசையையோ 'பி.எஃப்.' விசைகளில் ஒன்றையோ அழுத்தினால்தான் படிவம் சாளரத்துக்குள் போகும். அப்போதும் முழுத்திரை போவதில்லை. நாம் கைவைத்த கட்டங்கள் மட்டுமே போகும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தட்டும்போது, ஒவ்வோர் எழுத்துக்கும் கணிப்பொறியைத் தட்டி எழுப்பினால் அது கணக்குப் போடுவது எப்போது? முழுப் படிவம் ஆனபின் ஒரே ஒரு முறை எழுப்பினால் போதும். கைப்பேசி அலை விட்டுவிட்டு வரும் எங்கள் ஊர்ப்பக்கத்திலும் இந்த முறையின் நன்மை தெரிகிறது. தட்டச்சு தடைப்படுவதில்லை, அனுப்பும்போது மட்டும் சற்றுக் காத்திருந்தால் போதும்.

நிற்க. கருவி பற்றிச் சொல்கிறேன். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினியைப் பெற்றாள். ஆனால் கல்லூரிக்குப் போகவில்லை; வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போனாள். மடிக்கணினி துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. மின்கலம் செத்துவிட்டது, மின்கம்பியைச் செருகினால்தான் உயிர் வரும். நினைவகம் 2 ஜி.பி. அதிலேயே 'போஸ்' என்னும் திறமூல இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது அது. பதிப்பு பழையதாகிவிட்டதால் அதை நீக்கி, தாய்மரமான டெபியனையே நிறுவினேன். அலங்காரத் திரைகள் வேண்டாம் என்று விட்டுவிட்டால் 2 ஜி.பி. தாராளம்.

வாசலுக்கு வேண்டிய மென்பொருள் இரண்டு. 'எக்ஸ் 3270' சாளரத்தில் ஓடும். 'சி 3270' வெறும் எழுத்துத் திரையில் ஓடும். இரண்டும் ஒரே குடும்பம்; பால் மேட்டஸ் என்பவர் நீண்ட காலமாகப் பேணி வருகிறார். டெபியன் கிடங்கிலிருந்து 'ஆப்ட்' கட்டளையால் இலவசமாகப் பெறலாம். எக்ஸ் 3270 தனக்கென்று தனி எழுத்துருக்களைக் கேட்கும். அந்தப் பொதியையும் சேர்த்து நிறுவாவிட்டால் முரண்டு பிடிக்கும்.

வாசல் இருந்தால் போதுமா, வீடு வேண்டாமா? அதற்கு 'ஹெர்குலிஸ்' என்னும் மென்பொருள். ரோஜர் பௌலர் என்பவர் தொடங்கி 1999இல் வெளியிட்டது. சாதாரணக் கணினிக்குள் ஐ.பி.எம். 370 கணிப்பொறி ஒன்றை அது நடித்துக் காட்டும். அந்த நடிகனுக்குள் ஓட்ட எம்.வி.எஸ். 3.8 என்னும் பழைய இயங்குதளம் கிடைக்கிறது. அக்காலத்தில் பதிப்புரிமை கோராமல் வெளியிடப்பட்டதால் யாரும் பயன்படுத்தலாம். ஆர்வலர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'டி.கே. 4', 'டி.கே. 5' என்று ஆயத்தப் பொதிகளாகத் தந்திருக்கிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்த அதே கணிப்பொறி இது என்று நினைத்துவிடக் கூடாது. 370/155 வெளிவந்த வடிவில் மெய்நிகர் நினைவகத்துக்கு வேண்டிய முகவரி மாற்றும் உறுப்பு இல்லை. அதைக் கூடுதலாகப் பொருத்தாமல் எம்.வி.எஸ். அதில் ஓடாது. குடும்பம் ஒன்று, பிள்ளைகள் வேறு.

பொதியை விரித்து, தொடக்கக் கட்டளையைக் கொடுத்தேன். செய்திகள் சரசரவென்று ஓடி அடங்கின. வேறொரு சாளரத்தில் சி 3270ஐத் திறந்து, 'லோக்கல் ஹோஸ்ட்' என்ற என் கணினியின் பெயரையும் 3270 என்ற துறை எண்ணையும் கொடுத்தேன். திரை வந்தது! நள்ளிரவு பன்னிரண்டரை. தந்தையை எழுப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. எதைத் தட்டினாலும் எழுத்து விழவில்லை. சாளரத்தை மூடித் திறந்தேன். மீண்டும் அதே கதை. மூன்று இரவுகள் இப்படிப் போயின. ஹெர்குலிஸை நீக்கி மறுபடி நிறுவினேன். டெபியனையே ஒருமுறை மறுபடி நிறுவினேன். தவறு அங்கெல்லாம் இல்லை. 3270 திரைக்கு 24 வரிகள். அதன் கீழே 25ஆவதாக ஒரு நிலைவரி உண்டு. விசைப்பலகை பூட்டப்பட்டிருந்தால் அந்த வரியில் பெருக்கல் குறி ஒன்று தோன்றும். என் சாளரத்தின் உயரமோ சரியாக 24 வரி. நிலைவரிக்கு இடமில்லாததால் சி 3270 அதைக் காட்டவில்லை. நான் காக்கப்பட்ட இடத்தில் தட்டியிருக்கிறேன், முனையம் பூட்டிக்கொண்டது, பூட்டியதைச் சொன்ன வரி என் கண்ணுக்குப் படவில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பிறந்து, பட்டறைக்காரர் மகனாய் வளர்ந்து, ஒரு பூட்டை மூன்று நாள் அடையாளம் காணவில்லை என்றால் சிரிப்பார்கள். சாளரத்தை ஒரு வரி உயர்த்தினேன், குறி தெரிந்தது. 'ரீசெட்' கொடுத்தேன், திறந்தது.

ஆகவே முதலில் இவ்விசைகளை மனப்பாடம் செய்துகொள்க. சி 3270இல் கண்ட்ரோல்-ஆர் என்பது ரீசெட். கண்ட்ரோல்-சி என்பது திரையைத் துடைக்கும் 'கிளியர்'. லினக்ஸில் வேறெங்கும் கண்ட்ரோல்-சி ஓடும் நிரலைக் கொல்லும், இங்கே கொல்லாது. எக்ஸ் 3270இல் கண்ட்ரோலுக்குப் பதில் ஆல்ட். இன்னொன்று: படிவத்தை அனுப்பிய பின் பதில் வரும்வரையிலும் விசைப்பலகை பூட்டியேதான் இருக்கும். அது பழுதன்று. சாளரத்தில் நீட்டிய சலானைத் திரும்பப் பிடுங்குவது போல ரீசெட்டைத் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கணித மாணவன் என்பதால் என்னை மிகவும் கவர்ந்தது திரையின் முகவரி முறை. 24 வரி, 80 நிரல்; மொத்தம் 1,920 இடங்கள். 0 முதல் 1,919 வரை எண்ணிடுகிறார்கள். 5ஆம் வரி, 10ஆம் நிரல் எனில் முகவரி 4 × 80 + 9 = 329. இதை 12 பிட்டுகளில் எழுதி ஆறு ஆறாகப் பிரிக்கிறார்கள். 329 = 5 × 64 + 9; ஆகவே 5, 9 என்னும் இரு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணையிலிருந்து ஓர் எழுத்தைத் தேர்ந்து இரண்டு பைட்டாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் அது காக்கப்பட்டதா, திறந்ததா, கண்ணுக்குத் தெரிய வேண்டுமா என்று சொல்லும் பண்பு பைட் ஒன்று உண்டு. அது திரையில் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு வெற்றிடம் போல நிற்கும். இரண்டு கட்டங்களை ஏன் ஒட்டினாற்போல் வைக்க முடிவதில்லை என்பதற்கு விடை அதுவே.

எழுத்துக் குறியீடும் வேறு. நாம் பாடத்தில் படிக்கும் ஆஸ்கியில் ஆங்கில 'ஏ' 65. அடுத்தடுத்த எண்களில் 'இசட்' வரை போகும். பெருங்கணிப்பொறியின் எப்சிடிக் முறையில் 'ஏ' 193, 'இசட்' 233. இடையில் 41 எண்கள், எழுத்துகளோ 26. மீதி 15 எங்கே? 'ஐ' 201இல் முடிய, 'ஜே' 209இல் தொடங்கும். 'ஆர்' 217இல் முடிய, 'எஸ்' 226இல் தொடங்கும். துளை அட்டையில் எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்துத் துளையிட்டதன் தழும்பு இது. 193 முதல் 233 வரை ஒன்றொன்றாகக் கூட்டி அகரவரிசை அச்சிடும் நிரலை எழுதினால் நடுவே குப்பை வரும், எனக்கு வந்தது. நம் தமிழ் எழுத்துக்கோ அங்கே இடமே இல்லை. அக்காவின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டியிருந்தது.

சில குறிப்புகள். இணையத்தின் வழி 3270 திரையை அனுப்பும் முறைக்கு டி.என். 3270 என்று பெயர். 1994இல் வெளியான 1576ஆம் எண் இணைய ஆவணம் அதை விளக்குகிறது. பழைய உண்மையான 3278 முனையம் எங்கேனும் கிடைத்தாலும் அதை நேரே மடிக்கணினியில் செருக முடியாது. ஓரச்சுக் கம்பியும் இடையே கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேண்டும். வி.டி. வகை கிடைத்தால் எளிது, யு.எஸ்.பி.யிலிருந்து தொடர் துறைக்கு மாற்றும் சிறு கம்பி போதும். எம்.வி.எஸ்ஸை முறைப்படி நிறுத்திய பின்னரே மின்சாரத்தை அணைக்க வேண்டும். மின்கலம் செத்த மடிக்கணினியில் இதை ஒரு மின்வெட்டு எனக்குக் கற்பித்தது. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வட்டுக் கோப்புகளை நகலெடுத்து வைக்கிறேன்.

அந்த அண்ணனை வீட்டுக்கு அழைத்துக் காட்டினேன். அரை மணி நேரம் தட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானாடா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமலிருந்தார். மறுவாரம் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். இருவருமாக அதிலும் அமைத்தோம்.

அக்கா இரவுப் பணி முடித்து ஒரு காலையில் வந்தவள், பஞ்சுத்தூள் படிந்த தலையோடு என் அருகில் உட்கார்ந்தாள். அவள் மடிக்கணினிதானே, முதலில் அவளே நுழையட்டும் என்று விசைப்பலகையை அவள் பக்கம் திருப்பினேன். ஹெர்க் 01 என்ற பயனர் பெயரைத் தட்டினாள், பச்சையாக விழுந்தது. அடுத்துக் கடவுச்சொல். 'பிறகு பார்க்கலாம்' என்ற ஆங்கிலத் தொடரைச் சுருக்கி விளையாட்டாக வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அவள் ஒற்றை விரலால் தட்டினாள். கண்ணுக்குத் தெரியாத கட்டம் என்பதால் திரையில் ஒன்றும் தோன்றவில்லை.

"என்னப்பா தம்பி, ஒன்னுமே விழலையே. பழையபடி பூட்டிக்கிச்சா?"

நிலைவரியைப் பார்த்தேன். பெருக்கல் குறி இல்லை.

"பூட்டலைக்கா. உள்ளே எழுதிக்கிட்டுத்தான் இருக்கு. என்டர் அழுத்து" என்றேன்.