தடுப்பூசி போட்டும் ஏன் சாகுது?

நாமக்கல் பக்கம் எந்த லேயர் பண்ணைக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "தடுப்பூசி போட்டும் ஏன் சார் சாகுது?" கோழி வைரஸ்களின் மரபணுவைப் படிப்பவரின் பிழைப்பே இதற்குப் பதில் தேடுவதுதான். பி.வி.எஸ்சி. முடித்து நுண்ணுயிரியலிலோ விலங்கு உயிரித் தொழில்நுட்பத்திலோ எம்.வி.எஸ்சி. படித்தவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். உயிரறிவியல் பட்டதாரிகளும் ஆராய்ச்சித் திட்டங்கள் வழியாக நுழையலாம்.

சேர்ந்ததும் பி.சி.ஆர். இயந்திரத்தைத் தொடத் துடிக்காதீர்கள். முதலில் ஸ்வாப் எடுக்கப் பழகுங்கள். மூச்சுக்குழாயில் ஒன்று, கழிவுத் துளையில் ஒன்று. உடனே ஐஸ் பெட்டிக்குள். வெயிலில் நிற்கும் வண்டியில் அரை நாள் கிடந்த மாதிரியை எந்த இயந்திரமும் காப்பாற்றாது. கோழியின் வயது, கடைசியாகப் போட்ட தடுப்பூசி, தேதி, சொட்டு மருந்தா ஊசியா என்பதையெல்லாம் அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள். குழாயின் லேபிளில் பென்சிலால் எழுதுவது நல்லது. என் மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டு அழிந்து, இரண்டு பண்ணைகளின் மாதிரிகளை மொத்தமாகக் கொட்ட வேண்டியதாயிற்று.

இனி வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட்டுக்கு வருவோம். அந்த வைரஸின் மரபுத்தொடர் சுமார் 15,000 எழுத்து நீளம். ஆனால் நம் கண் முதலில் போவது, வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதத்தில் 112 முதல் 117 வரையுள்ள ஆறு அமினோ அமிலங்களுக்கு. அங்கே ஜி-ஆர்-கியூ-ஜி-ஆர்-எல் என்று இருந்தால், லசோட்டா தடுப்பூசி வைரஸ் போன்ற சாது. மூச்சுப்பாதையிலும் குடலிலும் உள்ள நொதிகளால்தான் அந்தப் புரதத்தை வெட்டிச் செயல்பட வைக்க முடியும். ஆர்-ஆர்-கியூ-கே-ஆர்-எஃப் என்று இருந்தால் உடம்பெங்கும் உள்ள ஃபியூரின் நொதியே வெட்டிவிடும்; மூளை வரை வைரஸ் பரவ வழி கிடைக்கும்.

புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். வளர்ந்த கோழிக்கு ஊசியாகப் போடும் ஆர்2பி தடுப்பூசி வைரஸிலும் இதே ஆர்-ஆர்-கியூ-கே-ஆர்-எஃப்தான்! ஆறு எழுத்தைப் பார்த்துவிட்டு 'கொடிய வைரஸ்' என்று ரிப்போர்ட் எழுதினால், போன வாரம் போட்ட தடுப்பூசியையே குற்றவாளியாக்கியிருப்பீர்கள். எஃப் மரபணுவின் 1,662 எழுத்துகளையும் படித்து மர வரைபடம் போட்டால் ஆர்2பி மூன்றாம் மரபுவகையில் போய் உட்காரும். இந்தியாவில் நோயோடு பிடிபட்டிருக்கும் பதின்மூன்றாம் வகை வைரஸ்கள் வேறு கிளையில் நிற்கும்.

இப்படி மரம் வரையப் பழகப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஜென்பேங்கிலிருந்து இலவசமாகத் தொடர்களை இறக்கி, மெகா மென்பொருளில் அடுக்கி, ஒரு மரம் நீங்களே வரைந்து பாருங்கள். நேர்காணலில் சான்றிதழ் கட்டைவிட அது அதிகம் பேசும்.

பறவைக் காய்ச்சல் சந்தேகம் வந்தால் மட்டும், செத்த கோழியை அறுத்துப் பார்க்கக் கத்தியை எடுக்காதீர்கள். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் உறுதிசெய்யட்டும்.

அரசு ஆய்வகம், பல்கலைக்கழகம், தடுப்பூசி நிறுவனம் என வேலை எங்கே கிடைத்தாலும் கடைசியில் பண்ணைக்காரருக்குப் போன் செய்ய வேண்டியவர் நீங்கள்தான். "வெளியிலிருந்து வந்த வைரஸ்தான், அண்ணே" என்றதும் அவர் கேட்பார்: "அப்போ அடுத்த பேட்ச்சுக்கு என்ன பண்ண?" மர வரைபடத்தில் அதற்குப் பதில் இருக்காது. தடுப்பூசி வைத்த ஃபிரிட்ஜையும் கோழிகளின் எதிர்ப்பு அளவையும் பார்க்க மறுபடி பண்ணைக்குத்தான் போக வேண்டும்.