நாட்டுத் தேனீக்களைக் காப்போம்

தருமபுரி மாவட்டத்தில் மழையை நம்பிப் பயிரிடும் சிறு விவசாயிகள் மிகுதி. விதை, உரம், பூச்சிமருந்து என ஒவ்வொன்றுக்கும் செலவுக் கணக்கு எழுதும் விவசாயி, கூலி வாங்காமல் உழைக்கும் தேனீயை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூசணிப் பிஞ்சு வெம்பி உதிர்ந்தாலும், சூரியகாந்தியில் பதர் விழுந்தாலும் உரக்குறைவு என்றே எண்ணுகிறார். தேனீ வராததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

பயிருக்கு என்ன பயன்?

பூசணி, பாகல், பீர்க்கு ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால்தான் பிஞ்சு நிற்கும். பேயெள்ளு தன் மகரந்தத்தால் சூல் கொள்ளாது. அதற்குத் தேனீயே துணை. பாலக்கோடு பகுதியில் மிகுதியாகப் பயிராகும் தக்காளி தானே காய்க்கும். ஆயினும் தச்சுத் தேனீ பூவைப் பற்றி அதிரச் செய்தால் மகரந்தம் நன்கு உதிர்ந்து காய்ப்பிடிப்பு கூடும்.

எங்கே வாழ்கின்றன?

மலைத்தேனீ உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் ஒரே பெரிய அடை கட்டும். கொம்புத்தேனீ புதர்க் கிளையில் உள்ளங்கை அளவு அடை வைக்கும். அடுக்குத்தேனீ மரப்பொந்து, பாறை இடுக்கு, புற்று ஆகியவற்றில் பல அடைகள் கட்டும்; பெட்டியில் வளர்க்க ஏற்றது. கொட்டாத கொசுத்தேனீ சுவர்த் துளையில் குடியிருக்கும். இவையன்றி, தனித்து வாழும் தச்சுத் தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு முட்டையிடும்.

தென்னிந்தியாவில் 1991–92-இல் பரவிய நச்சுயிரி நோயால் பெட்டிகளில் இருந்த அடுக்குத்தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. பிழைத்த கூட்டங்களிலிருந்தே இந்த இனம் மீண்டும் பெருகியது. ஆகவே காட்டிலும் வரப்பிலும் உள்ள கூடுகள் வளர்ப்போருக்கும் விதைநெல் போன்றவை.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பயிர் பூத்திருக்கும்போது பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாவிடில், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்கலாம். தூள் மருந்து தூவுதல் கூடாது.

2. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை தேனீக்களுக்குக் கொடிய நஞ்சு. இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை விதித்தது. பூச்சி குறைவாக இருக்கையில் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு போதும். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

3. வரப்பில் புங்கன், வேம்பு, முருங்கை, அகத்தி நட்டால் ஆண்டின் பல மாதங்களில் தேனீக்கு உணவு கிடைக்கும். பொந்துள்ள பழைய மரத்தையும் ஓரப் புதரையும் அழிக்காமல் விடுதல் நன்று.

4. தேன் எடுக்கத் தீப்பந்தம் வைப்பதால் தேனீயும் புழுவும் கருகிப் போகின்றன. புகை மட்டும் காட்டி, தேன் உள்ள மேற்பகுதியை அறுத்து, புழு அடையை விட்டுவிட்டால் கூட்டம் பிழைக்க வழியுண்டு.

மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற தொழில்

கழனி வேலைக்குச் செல்ல இயலாத மாற்றுத்திறனாளி வீட்டில் இருந்தால், கொசுத்தேனீ வளர்ப்பு அவருக்குக் கைகொடுக்கும். பெட்டி சிறியது, கனமற்றது, கொடுக்குப் பயமும் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், நிழலான தாழ்வாரத்தில் வைக்கலாம். தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆண்டுக்குப் பெட்டிக்கு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே தேன் கிடைக்கும். ஆயினும் மருந்துக்கு வாங்குவோர் நல்ல விலை தருவர். இரண்டு பெட்டியில் தொடங்கிப் பழகிய பின் பெருக்குவதே நலம்.

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை தேவை. மூன்று சக்கர வண்டி, செயற்கைக் கால், காதொலிக் கருவி ஆகியவற்றுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் 1981-இல் தொடங்கியது. இவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும். தொழில் தொடங்க, 2008-இல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் விதிப்படி, மாற்றுத்திறனாளியின் சொந்தப் பங்கு 5 விழுக்காடு; கிராமப்புறத்தில் மானியம் 35 விழுக்காடு; மீதி வங்கிக் கடன். அதாவது ரூ.40,000 திட்டத்துக்குக் கையிலிருந்து ரூ.2,000 போட்டால், மானியம் ரூ.14,000 ஆகும். நடப்பு விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்து விண்ணப்பிப்பது நல்லது. கடன் வாங்கும் முன் தேனீ வளர்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். இது குறித்துப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

தேன் விற்ற காசு ஒரு வீட்டுக்கு வரும். தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கையின் பலனோ சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் சேரும். அந்த ஊரில் ஒருவர் மட்டும் மருந்தைக் குறைத்தால் போதாது. பக்கத்து நிலத்துக்காரர்களும் கலந்து பேசி, ஒரே முறையாக மாலைத் தெளிப்பைக் கைக்கொண்டால்தான் தேனீ தங்கும்.