குளிர்கால அறையும் மண்ணெண்ணெய் ஹீட்டரும்: நோயாளியின் வீட்டார் அறிய வேண்டியவை

கார்த்திகை பிறந்துவிட்டால் நீலகிரியில் உறைபனிக் காலம் நெருங்கிவிடுகிறது. தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியற்காலைப் புல்வெளி வெண்மை போர்த்துக் கிடக்கும். இப்பருவத்தில் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம், "அறை கதகதப்பாக இருக்கட்டும்" என்று மருத்துவர்கள் சொல்லியனுப்புவது வழக்கம். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் சில வீடுகள் மண்ணெண்ணெய் ஹீட்டரை நாடுகின்றன. வேறு சில வீடுகளில் கரிக் கணப்பு மூட்டப்படுகிறது. குளிர்காற்று நோயாளிக்கு ஆகாது என்று கருதி, வீட்டார் சன்னலையும் கதவையும் இறுக அடைத்துவிடுகின்றனர். அன்பினால் செய்யப்படும் இச்செயலே ஆபத்தின் தொடக்கமாகிறது. அது ஏன் என்பதையும், ஹீட்டரைப் பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புகைபோக்கி இல்லாத நெருப்பு

பழைய மலை பங்களாக்களில் கணப்புக்கென்று புகைபோக்கி உண்டு. கையால் தூக்கி வைக்கும் மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு அது கிடையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அது அறைக்காற்றிலிருந்தே எடுக்கிறது. எரிந்தபின் வெளிவிடும் அனைத்தையும் அவ்வறையிலேயே விடுகிறது. ஆகவே நோயாளியும் ஹீட்டரும் ஒரே காற்றைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்தினால், பின்வரும் விதிகளுள் பெரும்பாலானவை தாமே விளங்கும்.

1 லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் ஆவியாக அறையில் சேரும். சன்னல் கண்ணாடியில் நீர் வழிவதும் சுவரில் பூஞ்சை படர்வதும் இதனால்தான். நைட்ரஜன் டை ஆக்சைடும், எண்ணெயில் கந்தகம் இருப்பின் சல்பர் டை ஆக்சைடும் உண்டாகின்றன. இவை மூச்சுக்குழலை உறுத்தி, ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பை வருவிக்கும்.

மலைவாழ் மக்கள் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையோடு ஒப்பிட அங்குக் காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் சுடருக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவே. சமவெளியில் செம்மையாக எரியும் ஹீட்டர் மலையில் புகையக்கூடும். எவ்வளவு உயரம் வரை பயன்படுத்தலாம் என்பதைக் கருவியுடன் வரும் கையேட்டில் பார்த்தறிந்த பிறகே வாங்குதல் நன்று.

மணமற்ற நஞ்சு

ஆக்சிஜன் போதாமல் எண்ணெயோ கரியோ எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். நுரையீரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் கரிக் கணப்பை அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அவர்களைக் கொன்றது இந்த வாயுவே. கரிக் கணப்பை எந்நிலையிலும் அறைக்குள் வைத்தலாகாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு, மனக்குழப்பம் ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைச் சளிக்காய்ச்சல் என்றோ உணவு ஒவ்வாமை என்றோ எண்ணிப் படுத்துவிடுவது பெருந்தவறு. வீட்டில் இருவர் மூவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி கண்டால், வெளியே சென்றதும் அது தணிந்தால், ஹீட்டரையே முதலில் ஐயுற வேண்டும்.

விரல்நுனி ஆக்சிமீட்டர் இந்நேரத்தில் துணை செய்யாது என்பதை வீட்டார் அவசியம் அறிந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு பிணைந்த ஹீமோகுளோபினை அக்கருவி ஆக்சிஜன் ஏற்றதாகவே கணக்கிடும். நோயாளி மயங்கிக் கிடக்கும்போதும் 97, 98 என்று காட்டக்கூடும். எண்ணை நம்பி வாளாவிருக்க வேண்டாம்.

எந்த வீடுகளில் கூடாது

வீட்டில் ஆக்சிஜன் உருளையோ ஆக்சிஜன் செறிவூட்டியோ பயன்படுத்துவோர் இருப்பின் மண்ணெண்ணெய் ஹீட்டரை ஏற்றக் கூடாது. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் துணியும் தலைமுடியும் நொடியில் பற்றிக்கொள்ளும். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உடையவர்களும், கருவுற்ற பெண்களும், பச்சிளங் குழந்தைகளும் உள்ள வீடுகளில் இதனைத் தவிர்ப்பதே சிறப்பு. தாயின் குருதியைக் காட்டிலும் கருவிலுள்ள குழந்தையின் குருதியே கார்பன் மோனாக்சைடை மிகுதியாகப் பற்றிக்கொள்கிறது.

நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் ஹீட்டரின் முன் கால் நீட்டி அமர வேண்டாம். தோல் வெந்து கொப்புளம் எழும்வரை அவர்களுக்குச் சூடு தெரியாது. அப்புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம்.

ஏற்றும் முறை

ஹீட்டரைச் சமதளத்தில், நடைவழிக்கு அப்பால் வைக்க வேண்டும். திரைச்சீலை, மெத்தை, கம்பளி, செய்தித்தாள் முதலிய எதுவும் எத்திசையிலும் 1 மீட்டருக்குள் இருத்தலாகாது. அதன் மேல் ஈரத்துணியை உலர்த்துவது கூடாது. குழந்தைகள் நெருங்காதவாறு சுற்றிலும் கம்பித் தடுப்பு அமைக்க வேண்டும்.

சன்னலை எப்போதும் 2 அல்லது 3 சென்டிமீட்டர் திறந்து வைக்க வேண்டும். அதற்கு மேலாக, மணிக்கு ஒரு முறையோ இரு முறையோ சன்னலை அகலத் திறந்து ஓரிரு நிமிடம் காற்றை மாற்றுதல் நலம். அவ்வேளையில் நோயாளிக்குக் கூடுதலாக ஒரு கம்பளி போர்த்தினால் போதும். வெளியேறும் வெப்பம் சிறிது. சுவரும் தரையும் பொருள்களும் சூடேறியிருப்பதால் அறை விரைவில் மீண்டும் கதகதப்பாகும்.

உறங்குவதற்கு முன் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். இதற்கு விலக்கே இல்லை. பேட்டரியால் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறையில் பொருத்துவது நன்று. ஆயினும் அது திறந்த சன்னலுக்கு ஈடாகாது.

எண்ணெயைக் கையாளுதல்

பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒன்றல்ல. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றுவதற்கு ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பம் தேவை. பெட்ரோலுக்கோ உறைபனிக் குளிரே மிகுதி. மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும் ஹீட்டர் வெடிக்கும். பெட்ரோல் வைத்திருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்கக் கூடாது.

எண்ணெய் ஊற்றுமுன் ஹீட்டரை அணைத்து, முற்றிலும் ஆறவிட்டு, வீட்டுக்கு வெளியே கொண்டுசென்று ஊற்ற வேண்டும். எரியும் ஹீட்டரில் எண்ணெய் சேர்ப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். குளிர்ந்த எண்ணெய் அறையின் வெப்பத்தில் விரிவடையுமாதலால், தொட்டியை விளிம்புவரை நிரப்பலாகாது. சிந்தியதைத் துடைத்த பின்னரே ஏற்ற வேண்டும்.

நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருக்கும். நிறமற்ற மண்ணெண்ணெயோ பார்வைக்கு நீரைப் போன்றது. குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ அதை ஊற்றி வைப்பதனால்தான் குழந்தைகள் குடித்துவிடுகின்றனர். மூடி இறுகிய தனிக் கேனில், பெயர் எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், படுக்கையறைக்கு வெளியே வைக்க வேண்டும்.

பராமரிப்பு

சுடரின் தோற்றமே ஹீட்டரின் உடல்நிலையைக் கூறும். சுடர் மஞ்சளாக நீண்டு புகைந்தால் திரி மிகுதியாக உயர்ந்துள்ளது, அல்லது காற்று போதவில்லை என்று பொருள். திரியை மிகத் தாழ்த்தினாலும் எண்ணெய் முழுமையாக எரியாமல் நெடியும் நச்சுவாயுவும் பெருகும். கையேடு குறிக்கும் உயரத்திலேயே திரி இருக்க வேண்டும்.

திரியின் நுனியில் கரி படிந்தால் அது ஏறி இறங்கத் தடுமாறும். அணைக்கும்போது முழுவதும் இறங்காமலும் போகலாம். பருத்தித் திரியின் நுனியைச் சீராகக் கத்தரிக்கலாம். கண்ணாடியிழைத் திரியைக் கத்தரிக்கக் கூடாது. கையேடு அனுமதித்தால், திறந்த வெளியில் வைத்து, தொட்டியிலுள்ள எண்ணெய் தீரும்வரை எரியவிட்டுக் கரியைப் போக்கலாம். கவிழ்ந்தால் தானே அணையும் விசை வேலை செய்கிறதா என்பதைப் பருவத் தொடக்கத்தில் கையேட்டின்படி சோதிக்க வேண்டும். ஒளித்தகட்டிலும் அடித்தட்டிலும் தூசு சேரவிடலாகாது.

மாசி, பங்குனியில் குளிர் தணிந்ததும் தொட்டியைக் காலி செய்து, பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மிஞ்சிய எண்ணெயை அடுத்த குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய எண்ணெயும் நீர் கலந்த எண்ணெயும் திரியைக் கெடுக்கும்.

இடர் நேர்ந்தால்

மயக்கமோ தலைவலியோ கண்டால்: கதவைத் திறந்து அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108 எண்ணை அழையுங்கள். அறையில் ஹீட்டர் எரிந்தது என்பதை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். அந்த ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றும். வெளிக்காற்றில் குருதியிலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ 1 முதல் 1½ மணி நேரத்தில் அவ்வளவு குறையும்.

தீப்பற்றினால்: எரியும் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், நீரை வீசி ஊற்றாதீர்கள், எண்ணெய் பரவித் தீ பெருகும். உலர்தூள் தீயணைப்பான் இருப்பின் பயன்படுத்துங்கள். தீ அடங்காவிடில் நோயாளியுடன் வெளியேறி 101 எண்ணை அழையுங்கள்.

தீக்காயம் பட்டால்: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மையோ பற்பசையோ தடவாதீர்கள்.

குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால்: வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், உப்புநீரோ பாலோ புகட்டாதீர்கள். வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்து கடும் அழற்சியை உண்டாக்கும். எண்ணெய் பட்ட ஆடையைக் களைந்து, தோலைச் சோப்பு நீரால் கழுவி, குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

இரவு விளக்கணைக்கும் முன்

வீட்டார் ஒவ்வோர் இரவும் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹீட்டர் அணைந்து ஆறிவிட்டதா? சன்னல் சிறிதேனும் திறந்திருக்கிறதா? எண்ணெய்க் கேன் மூடி, படுக்கையறைக்கு வெளியே இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்த பிறகே படுக்கச் செல்லுங்கள். எஞ்சிய இரவுக்குக் கம்பளிச் சட்டை, காலுறை, குல்லாய், இரட்டைப் போர்வை ஆகியவை போதும். அறை முழுவதையும் சூடாக்குவதைவிட நோயாளியின் உடலைப் போர்த்திக் காப்பது எளிது. அதில் மூச்சுக்கு இடரும் இல்லை.