எழுத வந்தால் போதுமா? இதழியல் முதுகலை பற்றிச் சில நம்பிக்கைகள்

"பையன் தமிழ் நல்லா எழுதுவான், கட்டுரைப் போட்டியில எல்லாம் பரிசு. ஜர்னலிசம் எம்.ஏ. சேர்த்துடலாமா?" சேர்க்கை மாதங்களில் இப்படிக் கேட்கும் பெற்றோர் நிறைய. "பத்திரிகைக்காரனாக எதுக்குங்க பட்டம்?" என்று சிரிக்கும் மூத்த நிருபர்களும் உண்டு. இரு தரப்பும் பாதி சரி.

மூத்தவர்கள் சொல்வதில் சட்டம் அவர்கள் பக்கம். டாக்டருக்கும் வக்கீலுக்கும் பதிவு கட்டாயம். இந்தியாவில் பத்திரிகையாளருக்கு அப்படி எதுவும் கிடையாது. 2013இல் பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, குறைந்தபட்சத் தகுதியைப் பரிந்துரைக்க ஒரு குழு அமைத்தார். அது சட்டமாகவில்லை. வாசகர் கடிதத்தில் தொடங்கி, தாலுகா பகுதிநேர நிருபராகி (ஸ்ட்ரிங்கர்), செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் வந்து உட்கார்ந்தவர்கள் தமிழில் ஏராளம்.

ஆனால் பெற்றோர் நினைப்பதுபோல் இந்தப் படிப்பு நடை பயிலும் இடமில்லை. பரிசு வாங்கிய மாணவருக்குத்தான் முதல் செமஸ்டரில் அடி அதிகம். உவமை, வர்ணனை எல்லாம் வெட்டுப்படும். யார், என்ன, எங்கே, எப்போது என்பது முதல் பத்தியிலேயே வேண்டும். எதை எழுதக்கூடாது, எழுதியதை எதைக் காட்டி நிரூபிப்பது என்பதைப் பழகத்தான் அந்த இரண்டு வருஷம்.

வகுப்பில் கொடுக்கக்கூடிய ஒரு பயிற்சியைப் பார்ப்போம். 14 வயதுச் சிறுமி மீதான பாலியல் குற்றம், எஃப்.ஐ.ஆர். விவரங்கள் கையில். மாணவர் கவனமாகப் பெயரை மாற்றிவிட்டு, அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போடுகிறார். அடுத்த வரியில் பள்ளியின் பெயர், ஒன்பதாம் வகுப்பு, அப்பா ஆட்டோ ஓட்டுநர், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அம்மன் கோயில். ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதுவும் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைவாசம் வரலாம், வெளியீட்டாளரும் பொறுப்பு. இதையெல்லாம் நீக்கிய பிறகும் ஒரு கண்ணி மிச்சம் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் சிறுமியின் தாய்மாமன் என்றால், உறவைச் சொல்லி அவர் பெயரையும் போட்டால் சிறுமி யார் என்று தெரிந்துவிடும். ஒன்றை விட்டே ஆக வேண்டும். எதை விடுவது என்று வகுப்பு ஒரு மணி நேரம் சண்டை போட்டால் அந்த ஆசிரியர் நன்றாகப் பாடம் எடுக்கிறார் என்று பொருள்.

இதே செய்தியை இணையத்தில் ஏற்றினால் சிக்கல் கூடும். செய்தியை ஏற்றும் மென்பொருள்கள் (சி.எம்.எஸ்.) பலவற்றில் முதலில் சேமிக்கும் தலைப்பிலிருந்து யூ.ஆர்.எல். தானாக உருவாகிவிடும். பிறகு தலைப்பைத் திருத்தினாலும், முகவரியில் பழைய சொற்கள் அப்படியே நிற்கும். படத்தின் ஃபைல் பெயர், டேக், போனுக்குப் போய்விட்ட நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்ஆப் குழுக்களைச் சுற்றிவிடும்.

ஆகவே 'ஆன்லைன் என்றால் கட்டுப்பாடு இல்லை' என்ற நம்பிக்கையைப்போல ஆபத்தானது வேறில்லை. இணையப் பதிவுகளுக்காகத் தண்டிக்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்ததும், இணையத்தில் எதையும் எழுதலாம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அவதூறுச் சட்டம் எங்கும் போய்விடவில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தில் 499ஆக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 என்ற எண்ணில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் காகிதத்தையும் யூடியூபையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

'அச்சு செத்துப்போச்சு, அதை ஏன் படிக்கணும்?' என்பது அடுத்த நம்பிக்கை. விற்பனை பற்றிய கேள்வி வேறு, பயிற்சி பற்றிய கேள்வி வேறு. பக்கத்தில் இடம் இவ்வளவுதான் என்றால்தான் 400 சொல்லை 120 ஆக்கும் கை வரும். இடத்துக்குப் பஞ்சமில்லாத இணையத்தில் அந்தக் கை இல்லாதவர் எழுதியதைப் படிப்பது எவ்வளவு அலுப்பு என்று வாசகருக்குத் தெரியும். இன்னொரு சின்ன விஷயம்: தட்டச்சு. அச்சுப் பக்கத்துக்குப் பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது தமிழ் டெஸ்க்குகளின் நிரந்தரத் தலைவலி. தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டு போகிறவருக்கு முதல் வாரத்திலேயே மதிப்பு.

இளங்கலையிலும் இதழியல்தான் படித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தவறு. பல பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன. பி.காம். படித்தவர் பட்ஜெட்டையும் ஆண்டறிக்கையையும் பயப்படாமல் பிரிப்பார். அவரை டெஸ்க்குக்குப் பிடிக்கும்.

பட்டம் வாங்கினால் பிரஸ் கார்டு கிடைக்கும் என்றும் சிலர் நம்புகிறார்கள். அரசு அங்கீகார அட்டை வேலை செய்யும் நிறுவனத்தின் வழியாக வருவது, மதிப்பெண் பட்டியலின் வழியாக அல்ல. வேலையும் அப்படித்தான். நேர்காணலில் 'என்ன வெளியாகியிருக்கிறது, காட்டுங்கள்' என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போட்டு, 30 நாள் காத்திருந்து, பதில் வராமல் மேல்முறையீடு செய்து, அதிலிருந்து ஒரு செய்தி எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். செமஸ்டரின் முதல் வாரத்திலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பதில் வருவதற்குள் தேர்வு வந்துவிடும்.

கடைசியாக, பட்டமும் டிப்ளமோவும் ஒன்று என்ற குழப்பம். 2000இல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் பெயர் பெற்றது தன் ஓராண்டு முதுநிலை டிப்ளமோவால்தான். செய்தி அறைகளில் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் பின்னால் நெட் (NET) தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். டிப்ளமோவில் சேர்கிறவர் அது பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.