பிரவுசர் திறக்கிறது, டவுன்லோட் மட்டும் ஏன் நிற்கிறது?

நம்பிக்கை: பிரவுசரில் தளம் திறந்தால் நெட் சரியாக இருக்கிறது, கோளாறு டவுன்லோடரில்தான்.

உண்மை: பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் கணினிகள் நேராக வெளியே போவதில்லை, ப்ராக்ஸி சர்வர் வழியாகவே போகின்றன. அதன் முகவரியைப் பிரவுசர் பெரும்பாலும் கணினியின் அமைப்புகளிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் கர்ல், பிப் போன்ற கருவிகளுக்கு அதைச் சூழல் மாறிகளில் எழுதித் தரவேண்டும். எழுதிய பிறகும், அதே கட்டளையை நிர்வாகி உரிமைக்காகச் சூடோ போட்டு ஓட்டினால் அந்த மாறிகள் பெரும்பாலும் கழன்றுவிடும். எல்லாம் சரியாகச் செய்தவர் மணிக்கணக்கில் திண்டாடுவது இங்கேதான்.

நம்பிக்கை: டவுன்லோடரில் முகவரி எழுத ஒரு பெட்டி வைத்துவிட்டால் ப்ராக்ஸி வசதி வந்துவிடும்.

உண்மை: வராது. எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போக, டவுன்லோடர் முதலில் 'கனெக்ட்' என்ற கோரிக்கையை அனுப்பி, ப்ராக்ஸி வழியே ஒரு சுரங்கப்பாதை கேட்க வேண்டும். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் சர்வர்களுக்கு ப்ராக்ஸியிலிருந்து விலக்கும் வேண்டும். தளத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ப்ராக்ஸியின் வேலை. "நெட் இருக்கிறதா பார்ப்போம்" என்று டவுன்லோடர் அந்தப் பெயரைத் தானே முன்கூட்டித் தேடினால், வெளிப்பெயர்கள் தெரியாத உள் நெட்வொர்க்கில், ப்ராக்ஸியைத் தொடுவதற்கு முன்பே தோற்று நிற்கும்.

நம்பிக்கை: "இணைக்க முடியவில்லை" என்று சொன்னால் போதும்; விவரம் சொன்னால் சாதாரணப் பயனர் குழம்புவார்.

உண்மை: குழப்புவது அந்த ஒற்றை வரிதான். கர்ல் பிழை எண்களால் எப்படிப் பிரித்துச் சொல்கிறது என்று பாருங்கள். ப்ராக்ஸியின் பெயரே கிடைக்காவிட்டால் 5, தளத்தின் பெயர் கிடைக்காவிட்டால் 6, இணைப்பே ஏற்படாவிட்டால் 7, நேரம் கடந்துவிட்டால் 28, தளத்தின் சான்றிதழை நம்ப முடியாவிட்டால் 60. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 5 வந்தால் எழுதிய ப்ராக்ஸி முகவரியைச் சரிபார்க்கலாம். ப்ராக்ஸியே 407 என்று பதில் அனுப்பினால் அது கடவுச்சொல் கேட்கிறது என்று பொருள். அதைப் போய் "சர்வர் செயலிழந்தது" என்று காட்டுவது பயனரைத் தவறான வாசலுக்கு அனுப்புவதாகும். எந்த முகவரியை, எந்த ப்ராக்ஸி வழியாக முயன்றோம், எந்தக் கட்டத்தில் நின்றது: இந்த மூன்றும் பிழைச்செய்தியில் இருந்தே ஆகவேண்டும்.

நம்பிக்கை: சான்றிதழ் பிழை வந்தால் சரிபார்ப்பை அணைத்துவிடலாம்.

உண்மை: கூடவே கூடாது. சில நிறுவனங்களின் ப்ராக்ஸி, மறையாக்கத்தைப் பிரித்துச் சோதித்துவிட்டுத் தன் சான்றிதழைப் போட்டு அனுப்பும். நிறுவனத்தின் மூலச் சான்றிதழை நிர்வாகியிடம் வாங்கி டவுன்லோடருக்குக் காட்டுவதே வழி. சரிபார்ப்பை அணைத்தால், நடுவில் யார் கோப்பை மாற்றினாலும் தெரியாது. மென்பொருளை இறக்கும் கருவியில் இது பேராபத்து.

விவரம் சொல்வதிலும் ஓர் எல்லை உண்டு. ப்ராக்ஸி முகவரிக்குள்ளேயே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எழுதும் வழக்கம் இருப்பதால், பிழைச்செய்தியிலும் பதிவேட்டிலும் அந்தப் பகுதியை மறைத்த பிறகே முகவரியை அச்சிட வேண்டும்.